கண்ணாடியோர மேசை

அந்தத் தெரு படுத்துக் கிடந்த வருஷங்களில் நன்றாக நடந்த ஒரே கடை, மூலையில் இருந்த பூட்டுக் கடைதான். முதலில் சினிமா தியேட்டர் மூடியது. பிறகு பாதாள ரயிலுக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டார்கள். தூசியில் உட்கார்ந்து யார் சாப்பிடுவார்கள்? ஒவ்வொரு ஓட்டலாக இழுத்து மூடினார்கள். மூடுகிறவர்கள் எல்லோரும் போகிற போக்கில் ஆளுக்கொரு பெரிய பூட்டு வாங்கிப் போனார்கள்.

இப்போது அதே பூட்டுக்காரர் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அலுத்துக்கொள்கிறார். "பூட்டு வாங்க ஒருத்தனும் வர்றதில்லை. துருப்பிடிச்சுப் போச்சு, வந்து திறந்து குடுங்கன்னுதான் கூப்பிடுறானுங்க. எல்லாம் அந்தக் கண்ணாடி மேடம் பண்ற வேலை."

கண்ணாடி மேடம் என்பது தெரு வைத்த பெயர். வீட்டில் அவள் பெயர் சின்னவள். பெரியவள், சின்னவள் என்று இரண்டே பெண்கள் இருந்த வீடு. நாற்பது தாண்டி, காதோரம் நரைத்த பிறகும் அக்காவுக்கும் அத்தானுக்கும் அவள் சின்னவள்தான்.

ரயில் வேலை முடிந்ததும், மூடாமல் தாக்குப்பிடித்த ஓட்டல்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து, தெருவுக்கு மறுபடி ஆட்களைக் கொண்டுவா என்று அவளை வேலைக்கு வைத்தார்கள். வந்த புதிதில் அவள் எதுவும் செய்யவில்லை. சாயங்கால நேரங்களில் எதிர் நடைபாதையில் நின்று வேடிக்கை பார்த்தாள். தெருவில் போகிறவர்கள் ஓட்டல் வாசலில் நடையைக் கொஞ்சம் குறைப்பார்கள். கண்ணாடி வழியாக உள்ளே ஒரு பார்வை. காலி மேசைகளைக் கண்டால், யாரோ துரத்துகிற மாதிரி வேகமாகப் போய்விடுவார்கள். பசிக்கிறவன் ஓட்டலுக்குள் போகிறான் என்று நாம் நினைக்கிறோம். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைப் போலத் தானும் ஒரு மணி நேரம் இருந்துவிட ஆசைப்படுகிறவன்தான் போகிறான் என்று அவளுக்குத் தோன்றியது.

அதனால் மூலை ஓட்டலில் ஒரு ஏற்பாடு செய்தாள். தெருவைப் பார்த்த கண்ணாடியோரம் நான்கு மேசைகள். அங்கே யார் உட்கார்வது என்பதை வாசலில் நிற்கும் பெண் முடிவு செய்வாள். இளவயதுக்காரர்கள், பார்க்க லட்சணமாக உடுத்தியவர்கள், மெல்லப் பேசி மெதுவாகச் சாப்பிடுகிறவர்கள் கண்ணாடியோரம். துணிப்பையும் குழந்தையுமாக வருகிற குடும்பங்கள், நடக்கச் சிரமப்படுகிறவர்கள், உரக்கப் பேசுகிறவர்கள் எல்லோரும் உள்ளே.

"கண்ணாடி கிட்ட காலியா இருக்கே, அங்கயே உக்காந்துக்கறோம்னு சொன்னா நான் என்ன மேடம் சொல்றது?" என்று வாசல் பெண் கேட்டாள். "மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்ல முடியாதே."

"எதுக்கு அடிக்கணும்? உள்ள வாங்க, ஏசி நல்லா இருக்கும், அமைதியா சாப்பிடலாம்னு சொல்லு. சிரிச்சுக்கிட்டே சொல்லு. உங்களுக்குன்னே பார்த்து வெச்ச இடம்கிற மாதிரி."

"நம்புவாங்களா?"

"தேங்க்ஸ் சொல்லிட்டுப் போவாங்க, பாரேன்."

சொல்லிவிட்டுத்தான் போனார்கள். மழைக்காலம் முடிவதற்குள் மூலை ஓட்டல் வாசலில் வரிசை நின்றது. பக்கத்து ஓட்டல்காரர்கள் வந்து, எங்கள் வாசலுக்கும் அந்த வித்தையைச் சொல்லிக் கொடுங்கள் என்றார்கள். அவளும் ஓட்டல் ஓட்டலாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தாள். யார் மனதையும் நோகடிக்காமல் எல்லோரையும் அவரவர் இடத்தில் உட்காரவைக்கிற ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்ததில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வமும் இருந்தது.

மிச்சமிருந்தது தியேட்டர் மட்டும். தெருவின் நடுவில் அது பல் விழுந்த வாய் மாதிரி இருட்டாகக் கிடந்தது. அதை எடுத்து மேலே பாட்டும் கீழே சாப்பாடுமாக நடத்த ஒரு அம்மாள் யோசித்துக்கொண்டிருந்தார். எடுப்பதற்கு முன்பே தெரு அவருக்குத் தியேட்டர்க்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூலை ஓட்டலில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

அந்த வாரத்தில்தான் அக்கா போன் செய்தாள். சின்னவள் அப்போது விளக்குக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி, ஒரே சத்தமா இருக்கு? வெள்ளிக்கிழமை அவங்களை வெளிய சாப்பிடக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம். உன் ஓட்டலுக்கே வந்துடவா? உனக்குத் தொந்தரவு ஒண்ணும் இல்லையே?"

"வாக்கா, எப்ப வேணா வா. ஆனா அது என் ஓட்டல் இல்ல."

"ஆமா, ரொம்பத்தான். வெச்சுடறேன்."

அவங்களை என்றால் யாரை என்று சின்னவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அக்கா வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். அத்தான் பள்ளி வேன் ஓட்டுகிறார். அவர்களுடைய ஒரே மகளுக்கும் கூட வேலை பார்க்கும் பையனுக்கும் பிடித்துப்போய், பையன் வீட்டில் ஆறு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். குடும்பம் எப்படியோ, என்னவோ என்று ஒரு தயக்கம். அந்தத் தயக்கத்தைப் போக்க அக்காவிடம் இருந்த ஒரே பெரிய பேச்சு தங்கைதான். "அந்தத் தெருவையே தூக்கி நிறுத்தினவ என் தங்கச்சி. ஒரு நாள் வாங்க, பார்க்கலாம்" என்று சொல்லி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை அந்த ஒரு நாள்.

சின்னவளும் தியேட்டர்க்காரம்மாவும் கண்ணாடியோரம் இரண்டாவது மேசையில் இருந்தார்கள். சூப் வந்திருந்தது. மற்ற மூன்றில் இரண்டு மேசைகளில் அழகான ஆட்கள். ஒன்று காலி. அப்போது கதவு திறந்தது.

அக்கா கல்யாணங்களுக்கு மட்டும் கட்டுகிற நீலப் பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். அத்தானின் புதுச் சட்டையில் பெட்டியின் மடிப்பு இன்னும் கலையவில்லை. மகள், அந்தப் பையன், பையனின் அம்மா, அப்பா. பையனின் அம்மா கையில் ஒரு துணிப்பை, அதற்குள்ளிருந்து பழச்சீப்பு ஒன்று எட்டிப் பார்த்தது. ஆறு பேரையும் வாசல் பெண் ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், அதற்கு மேல் அவளுக்குத் தேவைப்படவில்லை. நன்றாகப் பழகியிருந்தாள்.

அக்காவின் கண் காலி மேசையில் போய் நின்றது. கையும் அந்தப் பக்கம் நீண்டது. வாசல் பெண் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று சின்னவளுக்குக் காதில் விழ வேண்டியதில்லை.

அக்காவின் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். பையனின் அம்மா பக்கம் திரும்பி அக்கா எதையோ சொல்ல, அந்த அம்மாளும் மதிப்போடு தலையை ஆட்டினார். தன் பெயரைச் சொல்லாமலே தனி மரியாதை நடக்கிறது என்று அக்கா நம்பிவிட்டாள். தங்கச்சி முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பாள் என்று நினைத்திருப்பாள். ஆறு பேரும் வரிசையாக உள்ளே போனார்கள், கைகழுவும் தொட்டிக்கும் சமையல்கட்டுக் கதவுக்கும் நடுவே இருந்த கடைசி மேசைக்கு.

சின்னவள் அதுவரை அந்த வாக்கியத்தை எத்தனையோ பேருக்குச் சொல்லவைத்திருக்கிறாள். அதை நம்பியவர்களின் முகத்தை ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை.

எழுந்து போயிருக்கலாம். பத்தடி தூரம். 'அக்கா, இங்க வந்து உக்காரு' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? எழுந்திருக்கத்தான் பார்த்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளக்கூட ஆரம்பித்தாள். அப்போது பார்த்து தியேட்டர்க்காரம்மா ஸ்பூனை வைத்துவிட்டுப் பேசினார்.

"உங்க தெருவுல எனக்குப் பிடிச்சதே இந்தக் கூட்டம்தான். மத்த இடங்கள்ல எல்லாம் கண்டவங்களையும் முன்னால உக்கார வெச்சு சந்தைக்கடை ஆக்கிடறாங்க. நீங்க அதுல கெட்டிக்காரி."

சின்னவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

உள்ளே இருந்து அத்தானின் சிரிப்பு கேட்டது. வேன் நிறையப் பிள்ளைகளோடு பேசிப் பேசி வளர்ந்த குரல் அது. சமையல்கட்டுக் கதவு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பையனின் அம்மா நாற்காலியோடு முன்னால் நகர வேண்டியிருந்தது. பணியாள் தட்டோடு தாண்டியதும் பின்னால் நகர்ந்துகொண்டார். மூன்றாவது தடவை அவர் சிரிக்கவில்லை. அக்கா மட்டும் சிரித்தாள், இரண்டு பேருக்கும் சேர்த்து.

அப்போதுதான் அக்கா அவளைப் பார்த்தாள். பார்த்ததும் கையை நன்றாக உயரத் தூக்கி ஆட்டினாள். பஸ்ஸில் இடம் போட்டு வைத்திருப்பவர்கள் ஆட்டுவார்களே, அந்த மாதிரி.

தியேட்டர்க்காரம்மா திரும்பிப் பார்த்தார். "தெரிஞ்சவங்களா?"

"வழக்கமா சாப்பிட வர்றவங்க" என்றாள் சின்னவள்.

வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது! கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரி விரல் நுனிகளை மட்டும் லேசாக உயர்த்திக் காட்டினாள். பிறகு சூப்பைப் பார்த்தாள்.

ஆனால் அக்கா அதற்குள் எழுந்துவிட்டிருந்தாள். பையனின் அம்மாவிடம் இந்தப் பக்கம் கை காட்டவில்லை. தானே போய்த் தங்கச்சியைக் கையோடு கூட்டி வந்து முன்னால் நிறுத்திக் காட்ட நினைத்திருப்பாள். பட்டுப்புடவை சரசரக்க, மேசைகளுக்கு நடுவில் ஒருக்களித்து நடந்து வந்தாள். பாதித் தூரம் வந்தவள் நின்றாள். சூப் கிண்ணத்துக்குள் குனிந்த தலை அவளுக்குத் தெரிந்திருக்கும். இந்தத் தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரிவிட்டவள் அவள். அது எப்போது எதற்குக் குனியும் என்பதை அவளைவிட யார் அறிவார்கள்?

அக்கா திரும்பினாள். கைகழுவும் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்து, சுத்தமாக இருந்த கையை நிதானமாகக் கழுவினாள். புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கை கழுவத்தான் எழுந்தேன் என்கிற மாதிரி போய் உட்கார்ந்தாள்.

அவமானம் என்பது சூடாக ஏறும் என்றுதான் சின்னவள் நினைத்திருந்தாள். அவளுக்குக் காலிலிருந்து குளிர்ந்துகொண்டு வந்தது. எதற்கு வெட்கப்பட்டோம் என்று அந்த நிமிஷமே தன்னைத் தோண்டிப் பார்த்தாள். புடவைக்கா? இல்லை. அத்தானின் சிரிப்புக்கா? அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கும். அக்கா அந்தக் கடைசி மேசையில் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாளே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்தச் சந்தோஷத்தைத் தயார் செய்து வாசலில் நிறுத்தி வைத்தவள் அவள்தான். இப்போது அந்தச் சந்தோஷமும் போய்விட்டிருந்தது.

சாப்பாடு முடிந்ததும் ஓட்டல் முதலாளி தியேட்டர்க்காரம்மாவை அழைத்துக்கொண்டு கட்டடத்தைக் காட்டப் போனார். "நீங்களும் வாங்க மேடம்" என்றார். "பின்னாலயே வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே நடந்தாள். போய் 'அக்கா' என்று கூப்பிட வேண்டும், தோளில் கை வைக்க வேண்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம்."

அத்தான் ரொட்டியைப் பிய்த்த கையோடு நிமிர்ந்து பார்த்தார். அக்காவின் கால் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்திருக்க வேண்டும். சட்டென்று வாயை மூடிக்கொண்டார். மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்கதான் இங்க மேனேஜரா?" என்றார் பையனின் அம்மா. "உங்க தங்கச்சி வருவாங்கன்னு சொன்னீங்களே, எங்க காணோம்?"

"அவளுக்குத் திடீர்னு வெளியூர்ல வேலை வந்துடுச்சு. இப்பத்தான் மெசேஜ் அனுப்பியிருந்தா. ரொம்ப வருத்தப்பட்டா, பாவம்."

சின்னவள் நின்றாள். நான்தான் அந்தத் தங்கச்சி என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். சொன்னால் என்ன ஆகும்? இந்த அம்மாள் ஒரு தடவை கண்ணாடியோரக் காலி மேசையைப் பார்ப்பார். ஒரு தடவை தன் முதுகுக்குப் பின்னால் ஆடுகிற கதவைப் பார்ப்பார். சொந்தத் தங்கச்சி இருக்கிற இடத்தில் இவர்களுக்கு இதுதான் இடமா என்று கணக்குப் போட அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்காது. தங்கச்சி ஊரில் இல்லை என்பது ஒன்றும் குறையில்லை. தங்கச்சி ஊரிலேயே, இங்கேயே இருந்தாள் என்பதுதான் குறை. அக்கா அதையெல்லாம் கை கழுவுகிற நேரத்தில் யோசித்து முடித்துவிட்டிருந்தாள்.

"வேற ஏதாவது வேணுங்களா?" என்று கேட்டாள் சின்னவள்.

"கொஞ்சம் தண்ணி" என்றார் பையனின் அப்பா.

ஜாடியை எடுத்து ஆறு டம்ளர்களிலும் ஊற்றினாள். அக்காவின் டம்ளருக்கு வந்தபோது தண்ணீர் விளிம்பைத் தாண்டி மேசை விரிப்பில் சிந்தியது. "பரவாயில்ல மேடம், பரவாயில்ல" என்று அக்கா அவசரமாகத் துடைத்தாள். அவர்கள் கிளம்பும்போது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் தாண்டிப் போனார்கள். கடைசியாக வந்தவள் அக்கா மகள். அக்கா சொன்ன 'மேடத்தில்' ஒரு பரிவு இருந்தது. இவளிடம் அது இல்லை.

"வர்றோம் மேடம்" என்றாள், கண்ணுக்கு நேராகப் பார்த்து.

தியேட்டர்க்காரம்மா கட்டடத்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். முதலாளி இனிப்பு வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்தார். பூட்டுக்காரரிடம், "தியேட்டர் பூட்டைத் திறக்கணும், தயாரா இருங்க" என்று கத்தினார். எல்லோரும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்தக் கையில் தண்ணீர் ஜாடியின் ஈரம் இன்னும் இருப்பது போல அவளுக்கு இருந்தது.

மறுநாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போனாள். முன்னறை முழுக்கச் சாம்பல் நிறச் சீருடைத் துணி குவிந்து கிடந்தது. அக்கா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். "வாடி, அந்த மூட்டையைத் தள்ளிட்டு உக்காரு. காபி குடிச்சியா?" என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"சரின்னுட்டாங்க. ராத்திரியே போன் பண்ணினாங்க. ஓட்டல் சுமார்தான், ஆனா உங்க மனுஷங்க தங்கம்னு சொன்னாங்க." அக்கா மெஷினை ஓட்டினாள். ஒரு சட்டைக்கையின் தையல் முடிந்தது. "ஒண்ணுதான் இடிக்குது. கல்யாணத்துக்கு நீ வரணும். வந்தா அந்தம்மா உன்னை அடையாளம் கண்டுபிடிச்சுடுவாங்க. என்ன சொல்லலாம்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

உள்ளே ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அத்தான் குரல் கொடுத்தார். "ரெட்டைப் பிள்ளைன்னு சொல்லிடுவோம். ஒண்ணு ஓட்டல்ல, ஒண்ணு வெளியூர்ல. யார் வந்து எண்ணிப் பார்க்கப் போறாங்க?"

யாரும் சிரிக்காததால் அவரே கொஞ்சம் சிரித்துவிட்டுப் பிரஷ்ஷைத் தேய்த்தார். அடுத்த அறையில் மகள் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. சித்தி வந்தது தெரிந்தும் அது திறக்கவில்லை.

"நானே அந்தம்மாகிட்ட பேசிடறேன்க்கா. அவங்க நம்பர் குடு" என்றாள் சின்னவள்.

"பேசி?"

"நான்தான் தங்கச்சின்னு சொல்லிடறேன். நீ பொய் சொன்னது எனக்காகன்னு சொல்றேன். தப்பு என்னுதுன்னு."

"என்ன தப்பு?"

சின்னவள் ஒரு சீருடைத் துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். தப்பு என்று மொத்தமாகச் சொல்வது சுலபம்.

அக்கா மெஷின் சக்கரத்தில் கையை வைத்து நிறுத்தினாள். "அவங்ககிட்ட சொல்றது இருக்கட்டும். முதல்ல என்கிட்ட சொல்லு."

அத்தானின் பிரஷ் சத்தமும் நின்றது.

"அந்த மேசைக்கு உங்களை அனுப்பினது அந்தப் பொண்ணு இல்லக்கா. நான். யார் யாரை உள்ள தள்ளணும்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான்."

"ம்."

"ஏசி நல்லா இருக்கும்னு சொன்னாளே, அதுவும் நான் சொல்லிக் குடுத்ததுதான்."

அக்கா ஊசி முனையிலிருந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. நம்பிச் சந்தோஷப்பட்டதற்கு இப்போது அவள் வெட்கப்படுகிறாள் என்பது சின்னவளுக்குத் தெரிந்தது. வெட்கம் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

"நீ கை தூக்கினதைப் பார்த்தேன். பார்த்துட்டுதான் தலையைக் குனிஞ்சேன்."

"அது தெரியும்."

"கூட இருந்த அம்மா, தெரிஞ்சவங்களான்னு கேட்டாங்க."

அக்கா நிமிர்ந்தாள். இது மட்டும் அவளுக்குத் தெரியாது. "நீ என்ன சொன்னே?"

பொய் சொல்ல இடம் இருந்தது. ஆமான்னு சொன்னேன் என்றால் போதும், யார் போய்க் கேட்கப் போகிறார்கள்? சின்னவள் மடியில் கிடந்த சீருடைத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வழக்கமா சாப்பிட வர்றவங்கன்னு சொன்னேன்."

அக்கா குனிந்து, முடிந்துபோன தையலின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அறுத்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"மத்ததெல்லாம் அவங்ககிட்ட சொல்லிக்கோ" என்றாள் கடைசியில். "இதை மட்டும் சொல்லாதே. என்னாலயே கேக்க முடியல."

பிறகு, தங்கையின் முகத்தைப் பார்க்காமல், பையனின் அம்மாவின் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல ஆரம்பித்தாள்.